ஆசியாவில் இரண்டாம் இடம் பிடித்த இந்தியப் பெண்கள் கால்பந்து அணி எங்கே போனது, எப்படித் திரும்பியது?

கேள்வி இதுதான்: "இந்தியப் பெண்கள் கால்பந்து அணி ஒரு காலத்தில் ஆசியாவிலேயே இரண்டாவதாக வந்ததாமே, நிஜமா? நிஜம் என்றால் அப்புறம் ஏன் அந்த அணியைப் பற்றிப் பேச்சே இல்லை? 2025-இல் திடீரென்று ஆசியக் கோப்பைக்கு எப்படித் தகுதி பெற்றது?"

நிஜம்தான். ஒரு முறையல்ல, 1980-இலும் 1983-இலும் என இரண்டு முறை இரண்டாம் இடம். நடுவே 1981-இல் மூன்றாம் இடம். தொடர்ந்து மூன்று ஆசியப் போட்டிகளில் முதல் மூன்றுக்குள் வந்த அணி அது. அப்புறம் என்ன ஆனது என்பதற்கு என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அணிக்கு ஆட்டக்காரர்கள் பஞ்சம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆடுவதற்கு ஆட்டங்கள்தான் கிடைக்கவில்லை. ஆட்டங்கள் கிடைத்த காலமெல்லாம் அணி மேலே ஏறியிருக்கிறது, கிடைக்காத காலமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கிறது. கீழே வருகிற வரலாற்றை இந்தக் கண்ணோடு படித்தால் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தும்.

முதலில் எழுபதுகளுக்குப் போவோம். 1975-இல் இந்தியப் பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் என்ற தனி அமைப்பு உருவானது. ஆண்கள் கால்பந்தை நடத்திய அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் இதற்கும் நிர்வாக ரீதியாகத் தொடர்பு இல்லை. ஆசிய அளவிலும் அப்போது பெண்களுக்கென்று தனிக் கூட்டமைப்புதான் இருந்தது. ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்னாள் வீரர் சுஷில் பட்டாச்சார்யா பெண்கள் அணியின் முதல் பயிற்சியாளர் ஆனார். வங்காளத்திலிருந்து சாந்தி மல்லிக், குந்தளா கோஷ் தஸ்திதார், கோவாவிலிருந்து யோலண்டா டிசூசா, பெங்களூரிலிருந்து சித்ரா கங்காதரன் என்று நல்ல ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்தார்கள்.

1980 ஜனவரியில் ஆசியப் பெண்கள் போட்டியை இந்தியாவே நடத்தியது. இடம், கோழிக்கோடு. கால்பந்து என்றால் ஊரே திரளும் மலபார் மண். போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியா 'எஸ்', 'என்' என்று இரண்டு அணிகளை இறக்கியது. அதில் 'எஸ்' அணி இறுதி ஆட்டம் வரை போய், தைவானிடம் 0-2 என்று தோற்றது. (விளையாட்டு உலகில் தைவானுக்குச் சீன தைபே என்று பெயர், நான் தைவான் என்றே எழுதுகிறேன்.) அடுத்த ஆண்டு ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-இல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி ஆட்டம், தாய்லாந்திடம் 0-3 தோல்வி. அந்த ஆண்டு சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். இரண்டாவது பெண்ணுக்கு அது கிடைக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வெற்றிகளை மிகைப்படுத்தவும் கூடாது. அப்போது ஆசியாவில் பெண்கள் கால்பந்து ஆடிய நாடுகளே கொஞ்சம். சீனா அந்தப் போட்டிகளுக்கு வரவில்லை. ஜப்பான் 1981-இல்தான் தேசிய அணி அமைத்தது. தென்கொரியாவுக்குப் பெண்கள் அணியே கிடையாது. அதனால் இன்றைய ஆசியாவில் இரண்டாம் இடம் என்பதும் அன்றைய இரண்டாம் இடமும் ஒன்றல்ல. ஆனால் இதே தகவலை இன்னொரு பக்கமாகவும் பார்க்க வேண்டும். ஜப்பானும் சீனாவும் கொரியாவும் தொடங்குவதற்கு முன்பே நாம் தொடங்கிவிட்டோம். பெண்கள் உலகக் கோப்பையே 1991-இல்தான் வந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஆசிய இறுதி ஆட்டத்தில் நின்ற அணி நம்முடையது. அந்த முன்தொடக்கத்தை நாம் என்ன செய்தோம் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஒன்றும் செய்யவில்லை. 1986-இல் ஆசியப் பெண்கள் கூட்டமைப்பு, ஆண்களுக்கான ஆசியக் கூட்டமைப்போடு இணைந்தது. அந்த ஆண்டே சீனா முதல் முறையாக வந்து கோப்பையை வென்றது. அந்தப் போட்டியில் இந்தியா இல்லை. 1989, 1991, 1993-இலும் இல்லை. மற்ற நாடுகள் பள்ளிகளிலும் கம்பெனிகளிலும் பெண்கள் அணிகளை உருவாக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நாம் ஆசியப் போட்டிக்கு அணியே அனுப்பவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது, மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டியும் தொடங்கியது. ஆசியப் போட்டிக்கு இந்தியா திரும்பியது 1995-இல்.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தெரிந்தது. சீனாவிடம் 0-16. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே பாங்காக்கில் ஆசிய இறுதி ஆட்டம் ஆடிய நாடு.

தென்கொரியாவை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். அவர்கள் பெண்கள் அணி 1990-இல், பெய்ஜிங் ஆசிய விளையாட்டுக்காக அவசர அவசரமாகக் கூட்டப்பட்டது. முதல் ஆட்டத்தில் ஜப்பானிடம் 1-13 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகும் விடாமல் ஆடினார்கள். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் அதே தென்கொரியா நம்மை 10-0 என்று வென்றது. நமக்குப் பத்தாண்டு பின்னால் தொடங்கியவர்கள் நம்மைப் பத்து கோல் தாண்டிப் போனார்கள். திறமை, உடல்வாகு, உணவு என்று ஆயிரம் காரணம் சொல்பவர்களிடம் நான் இந்த இரண்டு ஸ்கோரையும்தான் காட்டுவேன்.

சரி, தொண்ணூறுகளிலிருந்து இந்த அணியைத் தாங்கியது யார் என்றால், மணிப்பூர். தேசியப் போட்டியில் இருபது முறைக்கு மேல் பட்டம் வென்ற மாநிலம் அது. அந்த மண்ணின் முதல் பெரிய பெயர் ஓயினம் பெம்பெம் தேவி. இம்பாலில் பையன்களோடு ஆடி வளர்ந்தவர், பதினைந்து வயதில் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் நடுக்களத்தில் நின்றவர். 2014-இல் மாலத்தீவின் நியூ ரேடியண்ட் கிளப்புக்கு ஆடப் போனார். சாந்தி மல்லிக்குக்குப் பின் 2017-இல் அர்ஜுனா விருது பெற்றது இவர்தான். 2020-இல் பத்மஸ்ரீயும் வந்தது. பெம்பெம் ஆடிய காலத்தை யோசித்துப் பாருங்கள்: தேசிய லீக் கிடையாது, நட்பு ஆட்டங்கள் அபூர்வம், ஆண்டில் ஒரு தேசியப் போட்டி, வாய்த்தால் ஒரு முகாம். சம்பளம் போலீஸ் வேலையிலிருந்து. இதை வைத்துக்கொண்டு இருபது ஆண்டு உடம்பைச் சர்வதேச ஆட்டத்துக்குத் தயாராக வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும்.

2003-க்குப் பிறகு ஆசியக் கோப்பையும் எட்டாக்கனி ஆனது. 2009-இல் ஃபிஃபா தரவரிசையிலிருந்தே இந்தியாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். பதினெட்டு மாதம் சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடாத அணியைப் பட்டியலிலிருந்து நீக்குவது அப்போதைய விதி. தோற்றதற்காக நீக்கப்படவில்லை, ஆடாததற்காக நீக்கப்பட்டோம்.

2010-இல் தெற்காசியப் பெண்கள் போட்டி, அதாவது சாஃப் கோப்பை, வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தொடங்கியது. இறுதியில் நேபாளத்தை 1-0 என்று வென்று இந்தியா முதல் கோப்பையை எடுத்தது. 2012-இல் கொழும்பு, 2014-இல் இஸ்லாமாபாத், அடுத்து சிலிகுரி, 2019-இல் நேபாளத்தின் பிராட்நகர் என்று ஐந்து கோப்பைகளும் வரிசையாக நமக்கே. ஐந்து தொடர்களில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மணிப்பூரின் பாலா தேவி, ஒடிசாவின் சஸ்மிதா மல்லிக் போன்றவர்கள் கோல் மழை பொழிந்த காலம் அது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் பார்வையில் இந்த வெற்றிகள் ஒரு திரையாகவும் இருந்தன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோப்பை வந்துகொண்டிருந்ததால், நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. 2014 இஞ்சியோனில் மாலத்தீவை 15-0 என்று வென்ற அணி, அதே தொடரில் தென்கொரியாவிடமும் தாய்லாந்திடமும் தலா பத்து கோல் வாங்கியது. தெற்காசியாவுக்கும் மற்ற ஆசியாவுக்கும் இருந்த தூரம் அந்த ஒரே வாரத்தில் அளந்து காட்டப்பட்டது. பின்னாலிருந்த வங்கதேசமும் நேபாளமும் சும்மா இருக்கவில்லை. 2022 சாஃப் போட்டியில் வங்கதேசம் நம்மை 3-0 என்று வென்றது, அரையிறுதியில் நேபாளமும் வென்றது, கோப்பை வங்கதேசத்துக்குப் போனது. 2024-இலும் அரையிறுதியில் நேபாளத்திடம் பெனால்டியில் தோற்றோம், கோப்பை மீண்டும் வங்கதேசத்துக்கே. சின்ன வயதிலேயே பெண்களைச் சேர்த்து ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பயிற்சி கொடுத்ததன் பலன் அவர்களுக்குக் கிடைத்தது.

இந்தியாவில் ஆட்டங்களின் எண்ணிக்கை கூட ஆரம்பித்தது 2017-இல், இந்தியன் விமன்ஸ் லீக் வந்தபோது. முதல் சீசனின் இறுதிச் சுற்றில் ஆறே அணிகள். டெல்லியில் மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இம்பாலின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் கோப்பையை வாங்கியது. அதற்கப்புறம் அடுத்த லீக் வரும் வரை ஆட்டக்காரர்கள் வீட்டுக்கோ வேலைக்கோ போக வேண்டியதுதான். லீக் என்று அதைச் சொல்வதே கொஞ்சம் கூடுதல். ஆனாலும் கதவு திறந்தது என்பது உண்மை.

அந்தக் கதவு வழியாகத் தமிழ்நாடு உள்ளே வந்தது. மணிப்பூரின் ஆதிக்கத்தை உடைத்து, 2018-இல் கட்டாக்கில் நடந்த தேசிய இறுதியில் அவர்களையே 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் முறையாகப் பட்டம் வென்றது. 2018-19 லீக்கில் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி சாம்பியன். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மாநில அணிக்கு இரண்டாவது தேசியப் பட்டம். இதில் கடலூர் மாவட்டத்தின் பங்கு பெரியது. இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், சுமித்ரா காமராஜ் என்று ஒரே பகுதியிலிருந்து இந்திய அணிக்குப் போனவர்கள். பெரிய நகரமில்லை, பணக்காரக் கிளப் இல்லை. தினமும் மைதானத்துக்கு வரச்சொல்லி ஆடவைக்கும் பயிற்சியாளர்களும் கூட ஆட நிறைய பெண்களும் இருந்தார்கள். அது போதுமாக இருந்தது.

இந்துமதி தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கின்போது இந்தியாவின் நடுக்கள ஆட்டக்காரர் சென்னைத் தெருவில் காக்கிச் சட்டையோடு பாதுகாப்புப் பணியில் நின்றார். பத்திரிகைகள் அதைப் பெருமையாக எழுதின. பெருமைதான். அதே செய்தியில் இன்னொரு உண்மையும் இருக்கிறது: இந்தியாவின் முதல் வரிசை ஆட்டக்காரருக்கே கால்பந்தால் மட்டும் வாழ முடியவில்லை. பெம்பெம் தேவியும் பாலா தேவியும் மணிப்பூர் போலீஸ், சங்கீதா பாஸ்ஃபோர் எல்லைப் பாதுகாப்புப் படைகளில் ஒன்றான சஷஸ்த்ர சீமா பல், இன்னும் பலர் ரயில்வே. சீருடை வேலைகள் இல்லையென்றால் இந்த அணி பாதியிலேயே கலைந்திருக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம்.

மாற்றத்தின் அடையாளங்களும் இதே காலத்தில்தான் வந்தன. பயிற்சியாளர் கோவாவைச் சேர்ந்த மேமோல் ராக்கி. முன்னாள் ஆட்டக்காரர். அவர் காலத்தில், 2018 நவம்பரில், ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்துக்கு இந்தியா முதல் முறையாகப் போனது. 2019 ஏப்ரலில் மாண்டலேயில் இந்தோனேசியாவை 2-0, நேபாளத்தை 3-1 என்று வென்றோம். மியான்மரோடு 3-3. சந்தியாவும் கோல் போட்ட ஆட்டம் அது. வென்றிருந்தால் அடுத்த கட்டம். கோல் வித்தியாசத்தில் போய்விட்டது. 2020-இல் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் ஒப்பந்தமானார். பஞ்சாபின் மனீஷா கல்யாண் 2022-இல் சைப்ரஸின் அப்பொல்லோன் கிளப்புக்குப் போய், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அதற்கு முந்தைய நவம்பரில், மனாஸ் நகரில் பிரேசிலுக்கு எதிராக இந்தியா ஆடியது. பிரேசிலின் மூத்த ஆட்டக்காரர் ஃபோர்மிகாவின் பிரியாவிடை ஆட்டம். 1-6 என்று தோற்றோம், அந்த ஒரு கோலை அடித்தவர் மனீஷா. பிரேசில் வலைக்குள் இந்தியப் பெண் ஒருவர் பந்தை அனுப்பிய அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள்.

இவ்வளவும் சேர்ந்து 2022 ஜனவரியில் பலன் தரும் என்று நம்பினோம். ஆசியக் கோப்பை இந்தியாவில், பயிற்சியாளர் ஸ்வீடனின் தாமஸ் டென்னர்பி, நீண்ட முகாம், வெளிநாட்டு ஆட்டங்கள். போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று இல்லை. நவி மும்பையில் முதல் ஆட்டத்தில் ஈரானோடு 0-0. வென்றிருக்க வேண்டிய ஆட்டம். ஜனவரி 23 அன்று தைவானோடு இரண்டாவது ஆட்டம். அன்று ஆட்டமே நடக்கவில்லை. முகாமுக்குள் கொரோனா பரவி, விதிப்படி தேவையான 13 ஆட்டக்காரர்களைக்கூட இந்தியாவால் காட்ட முடியவில்லை. அணி போட்டியிலிருந்து விலகியதாக அறிவிக்கப்பட்டது, ஈரானோடு ஆடிய ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. சொந்த மண்ணில், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த ஆசியக் கோப்பை, பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லாமல் முடிந்தது. அந்த ஆகஸ்டில் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தையே சில நாட்கள் இடைநீக்கம் செய்தது. ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போயிருந்த கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆடாமலேயே திரும்பியது. அலுவலகத்தில் நடந்த சண்டைக்கு இவர்கள் என்ன செய்வார்கள்? எனக்கு அந்த ஆண்டின் மற்ற எல்லாத் தோல்விகளையும்விட இது அதிகம் வலித்தது.

அதற்குப் பின் ஒரு நல்ல முடிவு எடுக்கப்பட்டது. 2023-24 முதல் விமன்ஸ் லீக்கை ஒரே ஊரில் சில வாரங்களில் முடிக்காமல், சொந்த ஊர், வெளியூர் என்று மாதக்கணக்கில் நடத்தத் தொடங்கினார்கள். ஏழு அணிகள்தான், இருந்தும் வாரா வாரம் போட்டி ஆட்டம் என்ற பழக்கம் வந்தது. ஒடிசா எஃப்சியும் அடுத்த ஆண்டு ஈஸ்ட் பெங்காலும் பட்டம் வென்றன. அதே 2024-இல் பாகிஸ்தானுக்கு எதிரான சாஃப் ஆட்டத்தில் ஆஷாலதா தேவி நூறாவது சர்வதேச ஆட்டம் ஆடினார். இந்தியப் பெண்களில் நூறு ஆட்டங்களைத் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

அடுத்து 2025, சியாங் மாய். 2026 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரி, உதவிக்குக் கேரளாவின் பி.வி. பிரியா. பிரிவில் ஒரே ஒரு அணிக்குத்தான் இடம். மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என்று வென்றோம். தாய்லாந்தும் மூன்றையும் வென்றிருந்தது. கூட்டிப் பார்த்தால் இரண்டு அணிகளும் 22 கோல் அடித்து ஒன்றுகூட வாங்காமல் அச்சு மாறாமல் சமமாக நின்றன. ஜூலை 5, கடைசி ஆட்டம், எதிரே தாய்லாந்து, அவர்கள் சொந்த மண். தரவரிசையில் அவர்கள் 46, நாம் 70. இரண்டு உலகக் கோப்பைகள் ஆடிய அணி அது. 1983 இறுதியில் நம்மை வென்றதும், 2014-இல் பத்து கோல் போட்டதும், 2023 ஆசிய விளையாட்டில் 1-0 என்று வென்றதும் இதே தாய்லாந்துதான்.

29-ஆவது நிமிடத்தில் வங்காளத்தின் கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர் தூரத்திலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனது. இடைவேளை முடிந்த இரண்டே நிமிடத்தில் தாய்லாந்து சமன் செய்தது. பழைய இந்திய அணியாக இருந்தால் அங்கிருந்து சரிந்திருக்கும். அன்று சரியவில்லை. 74-ஆவது நிமிடத்தில் மறுபடியும் சங்கீதா. 2-1. தகுதிச் சுற்றில் ஆடி, வென்று, ஆசியக் கோப்பைக்கு இந்தியா போவது இதுவே முதல் முறை. அடுத்த சில மாதங்களில் 20 வயதுக்கு உட்பட்ட அணி மியான்மரை வென்றும், 17 வயதுக்கு உட்பட்ட அணி உஸ்பெகிஸ்தானை வென்றும் அவரவர் ஆசியக் கோப்பைகளுக்குத் தகுதி பெற்றன. இது திடீரென்று வந்த அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். லீக் நீண்டதும், இளையோர் அணிகளுக்கு ஆட்டங்கள் கூடியதும்தான் காரணம்.

2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடைபெறும் ஆசியக் கோப்பையின் குலுக்கலில் இந்தியாவுக்கு வாய்த்த பிரிவு: ஜப்பான், வியட்நாம், தைவான். இந்த மூன்றோடும் 2023-இல் சில வாரங்களுக்குள் ஆடியிருக்கிறோம். ஜப்பானிடம் 0-7, வியட்நாமிடம் 1-3, தைவானிடம் 1-2. நம் இடத்தை நிர்ணயிக்க இந்த மூன்று ஸ்கோரும் போதும். ஜப்பானை வெல்வது நடக்கிற காரியமில்லை, அந்த ஆட்டத்தில் கோல்களைக் குறைத்தாலே லாபம். வியட்நாமும் தைவானும் எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். பன்னிரண்டு அணிகளில் எட்டு காலிறுதிக்குப் போகும், மூன்றாம் இடம் பிடித்த அணிகளில் சிறந்த இரண்டுக்கும் அதில் இடம் உண்டு. முதல் ஆறு இடங்களுக்கு 2027 பிரேசில் உலகக் கோப்பையில் நேரடி அனுமதி. ஆகவே உங்களுக்கு நேரமிருந்தால் ஜப்பான் ஆட்டத்தை விட்டுவிட்டுக்கூட வியட்நாம், தைவான் ஆட்டங்களை முழுசாகப் பாருங்கள். கூடவே, விமன்ஸ் லீக் ஆட்டம் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ நடந்தால் மைதானத்துக்குப் போங்கள். இந்திய அணியில் அடுத்து யார் வருவார்கள் என்பதை முதலில் அங்கேதான் பார்க்க முடியும்.